வால் தகட்டில் கை வைத்தது யார்?

அயோவாவில் எங்கள் ஊர் விமானத்திடலின் ஆறாம் எண் கொட்டகையில், ஒன்பது வருடம் உழைத்து, இரண்டு பேர் போகும் விமானத்தைத் தன் கையாலேயே கட்டினாள் லவோன் டெய்க். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். பொழுது சாய்ந்தபின் சோள வயல்களுக்கு மேலே பறக்க ஆசைப்பட்டு, விமானி அறைக்குள் புது விளக்குகள் போட்டாள்.

அதோடு தொல்லை தொடங்கியது. விமானத்தின் மூக்கு ஏறாமல் இறங்காமல் பார்த்துக்கொள்வது வாலில் உள்ள ட்ரிம் என்ற சின்னத் தகடு. அது எப்படி நிற்கிறது என்று உள்ளே ஒரு முள் காட்டும். பகலில் முள்ளை நடுவில் வைத்துக் கிளம்பினால் ஒழுங்காகப் பறந்தது. இருட்டியபின் அப்படியே கிளம்பினால் மூக்கு மேலே தூக்கியது. மூன்றாம் முறை கட்டுப்பாட்டுத் தண்டை இரண்டு கையாலும் முன்னே தள்ளித்தான் தப்பித்தாள்.

கொட்டகையின் இன்னொரு சாவி பக்கத்துக் கொட்டகை மெர்ல் ஹூஸ்பியிடம் இருந்தது. அந்த விளக்குகளை முதலிலிருந்தே குறை சொன்னவன். யாராவது திறந்தால் அறுந்துபோகும்படி லவோன் கதவில் நூல் கட்டினாள்; அது அறுந்திருக்கவில்லை. அவிழ்த்துத் திரும்பக் கட்டியிருப்பான் என்று பூட்டையே மாற்றினாள். அன்றும் மூக்கு தூக்கியது.

சனிக்கிழமை திடலின் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரும் காலை உணவுக்குக் கூடியிருந்தபோது நேரே அவனிடம் போனாள்.

"உண்மையச் சொல்லு மெர்ல். என் வால்ல என்ன பண்ணின?"

"உனக்கு வாலு இருக்கா? சந்தேகப்பட்டேன், இப்ப உறுதியாயிடுச்சு."

"வெளயாடாத. செத்திருப்பேன் நான்."

மெர்ல் முள்கரண்டியைக் கீழே வைத்தான். "வா, பாத்துடலாம்."

கொட்டகைக்குப் போய் அவளை விமானத்துக்குள் உட்காரவைத்து, தான் வாலருகே தகட்டின் மேல் விரலை வைத்து நின்றான்.

"முள்ள நடுவுல வச்சிட்டியா? இப்ப விளக்கப் போடு."

போட்டாள். முள் சட்டென்று நகர்ந்தது.

"தகடு அசைஞ்சுதா?"

"முடியளவுகூட அசையல."

முள் இருந்த கருவிப் பலகையைக் கழற்றினார்கள். விளக்குக்கும் முள்ளுக்கும் ஒரே எர்த் வயர், லவோன் முடுக்கிய ஒரே திருகாணியில். விளக்கு எரிந்தால் அதன் மின்சாரமும் அந்த வயரில் ஓடி, முள் தப்புக் காட்டியது. அதை நம்பித் தகட்டை அவளே தவறாக வைத்திருக்கிறாள்.

"மன்னிச்சுடு மெர்ல்."

"அத்தன பேரு முன்னாடி கேட்டியே, லவோன்." போய்விட்டான்.

அன்றே இரண்டுக்கும் தனித்தனி வயர் போட்டாள். பிறகு சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்து தப்பு தன்னுடையது என்று எல்லோரிடமும் சொன்னாள். மெர்ல் மூன்று வாரம் அவளோடு பேசவில்லை. நான்காம் வாரம் ஒரு மாலை தானாகவே வந்து அவள் விமானத்தில் பக்கத்து இருக்கையில் ஏறினான்.

கிளம்பும்முன் இறங்கிப்போய், வால் தகட்டை ஒருமுறை தன் கண்ணால் பார்த்துவிட்டு வந்தான். திடலின் பெட்ரோல் பம்பிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் திரும்பி ஏறும்வரை லவோன் இன்ஜினைக் கிளப்பாமல் காத்திருந்தாள்.