அக்காவின் நீலக் கவுன்

அக்காவின் நல்லடக்கத்தன்று சுவாமியார் செபம் சொல்லிக்கொண்டிருக்கையில், என் கோட்டுப் பொத்தான் தெறித்துச் சவப்பெட்டியின்மேல் 'டக்' என்று விழுந்தது. சத்தம் உள்ளிருந்து வந்ததென்று எண்ணிச் சிலர் சிலுவை அடையாளம் போட்டார்கள். புதுக்கடை நீதிமன்றத்தில் எனக்குக் கிளாக்கர் உத்தியோகம் கிடைத்தபோது அக்கா வாங்கித் தந்த கோட்டு அது. வயிறு பெருத்தது எனக்குத் தெரியும். ஆனாலும் அன்று வேறொன்றைப் போட மனம் வரவில்லை.

அக்கா பிறந்ததும் கண்மூடியதும் கொழும்பு கொட்டாஞ்சேனையில்தான். துறைமுகத்தில் வேலை பார்த்த ஐயா திடீரெனக் காலமானபோது அம்மா படுக்கையில், நான் பள்ளிக்கூடத்தில். கோட்டையிலிருந்த வெள்ளைக்காரக் கடையொன்றில் லேஸ் விற்கும் வேலை அக்காவுக்குக் கிடைத்தது. அங்கே கவுன் கட்டாயம். அந்தக் கோலத்தில் அவர் ட்ராம் ஏறப் போனால், ஊர் சன்னலைச் சாத்திக்கொண்டு இடுக்கால் பார்க்கும்.

ஒரு சம்பந்தம் வந்தது. தரகர் கடை வேலையை மறைத்து, "வீட்டோட இருக்கிற பிள்ளை" என்று சொல்லிவைத்திருந்தார். அந்த வாரமே மாப்பிள்ளையின் தாயார், தன் தங்கையோடு அக்காவிடமே லேஸ் வாங்க வந்துவிட்டார். கவுனைக் கண்டு அக்காவை ஒல்லாந்தர் வழிவந்த பறங்கிப் பெண் என்று எண்ணி, அவர் முன்னாலேயே தங்கையிடம் சொன்னார்:

"இந்தப் பறங்கிச்சிக்குத் தமிழ் எங்க விளங்கப்போகுது? ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனையில பொம்பிளை பார்க்கப் போறம். தாய் வருத்தக்காரி, ஒரு தம்பியும் இருக்கிறான். அதுகளைக் கழட்டிவிட்டுத்தான் பெட்டையை எடுக்கோணும்."

அக்கா ஆங்கிலத்தில் நன்றி சொல்லி லேஸை மடித்துக் கொடுத்தார். வீட்டில் மூச்சு விடவில்லை.

ஞாயிறன்று சீலை உடுத்தித் தேநீர் கொடுத்தார். தாயார் பூரித்துப்போனார்.

"இதெல்லோ குடும்பப் பெண்! கோட்டைக் கடையிலயும் நிக்குதுகளே, கணுக்கால் தெரிய!"

"ஓம் மாமி, அதில ஒண்டு நான்தான். லேஸ் அளவாய் இருந்ததோ? நீங்கள் கழட்டிவிட நினைச்ச தம்பி இந்தா நிக்கிறான்."

தேநீர் ஆறியது. வந்தவர்கள் போனார்கள். அந்த மாப்பிள்ளையை அக்காவுக்குப் பிடித்திருந்தது என்பதை நான் பல வருடங்கள் கழித்தே அறிந்தேன். பிறகு எந்தச் சம்பந்தத்துக்கும் அவர் சம்மதிக்கவில்லை. அம்மாவை இறுதிவரை பார்த்தார், என்னைப் படிப்பித்தார். கோயிலுக்குச் சீலை, கடைக்குக் கவுன் என்றே காலம் போயிற்று.

நோய் முற்றிய நாட்களில் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "என்னை அந்த நீலக் கவுனோடயே அனுப்படா. எங்களுக்குச் சோறு போட்டது அதுதான்."

அந்தக் கவுனோடே அக்காவைப் பெட்டியில் வைத்தபோது உறவினர் சிலர் முகம் சுளித்தார்கள். முதன்முறையாக நான் யாருக்கும் பயப்படவில்லை.

இரவு பகலாக அக்காவைப் பார்த்துக்கொண்ட அயல்வீட்டுப் பெண்களுக்கும், சுவாமியாருக்கும், பெட்டிக்குத் தோள் கொடுத்த எதிர்க்கடை முஸ்லிம் நானாவுக்கும் அவருடைய பிள்ளைகளுக்கும் எங்கள் வீடு என்றும் கடமைப்பட்டது.

சேமக்காலையில் அடக்கம் முடிந்து திரும்பியபின் வெள்ளவத்தைச் சின்னம்மா என்னைத் தனியே அழைத்தார். "பெட்டியை எட்டிப் பார்த்திட்டு, ஆரோ பறங்கிச்சியின்ர செத்தவீடு எண்டு வெளியில போயிட்டன் தம்பி. வாசல்ல உன்ர வயித்தைக் கண்டுதான் திரும்பி வந்தனான்."