அப்பாவின் சப்பாத்தில் போன மாமா

அம்மாவின் சட்டப்படி நாய் எங்கள் வாசற்படியைத் தாண்டக்கூடாது. அப்பாவின் சட்டப்படி நாங்கள் அடுத்த வீட்டு வேலியைத் தாண்டக்கூடாது. கியூபெக்கின் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் வீடு வாங்கிக் குடிவந்த இரண்டாவது குளிர்காலத்தில், ஒரு வெள்ளிக்கிழமை காலையில், மாமா இந்த இரண்டு சட்டங்களையும் ஒரேயடியாக உடைத்தார்.

அம்மாவின் சட்டம் யாழ்ப்பாணத்திலிருந்து அவரோடு கூடவே வந்தது. நாய் முற்றத்தில் கிடக்கும், சோறு போட்டால் தின்னும், கள்ளன் வந்தால் குரைக்கும். அதற்கு மேல் அதனோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இந்த ஊரில் ஆட்கள் நாயோடு ஒரே கட்டிலில் படுக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து, வெள்ளைக்காரர் வீடுகளில் தேத்தண்ணி குடிப்பதையே அம்மா குறைத்துக்கொண்டார்.

அப்பாவின் சட்டத்துக்கு ஒரு வரலாறு உண்டு. நாங்கள் குடிவந்த முதல் குளிர்காலத்தில், வலப்பக்கத்து வீட்டுக் கிழவரின் பெரிய நாய் பனிக்குள் சுருண்டு கிடந்தது. முதுகில் பனி ஏறி, மூக்கு மட்டும்தான் வெளியே தெரிந்தது. யன்னலால் பார்த்த அம்மா, நாய் சாகக் கிடக்கிறது என்று குளறினார். அப்பா கம்பளியோடு ஓடினார். இருவருமாக அதை எங்கள் கராஜுக்குள் இழுத்து வந்து, போர்த்து, ஹீட்டரை முன்னால் வைத்து, மல்லித்தண்ணியும் அவித்துக் கொடுத்தார்கள். கராஜ் வாசற்படிக்கு வெளியே என்பது அம்மாவின் கணக்கு. நாய் நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கியது. பிறகு ஹீட்டரைத் தட்டி விழுத்திவிட்டு வெளியே பாய்ந்து, பனியில் மல்லாந்து படுத்து, நாலு காலையும் உதறிக்கொண்டு ஆனந்தமாகப் புரண்டது. அது பனிநாட்டு நாய் என்றும், வெயில் வந்தால்தான் அதற்கு வருத்தம் என்றும் கிழவர் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டே விளங்கப்படுத்தினார். அதன்பிறகு அப்பாவைக் காணும்போதெல்லாம், இன்றைக்கு நாய்க்குப் போர்வை இல்லையா என்று கேட்கத் தொடங்கினார். அப்பா ரோசக்காரர். அடுத்தவன் வளவில் என்ன நடந்தாலும் நாங்கள் தலைபோடக் கூடாது என்று அப்போதுதான் சட்டம் வந்தது.

மாமா அம்மாவின் தம்பி. வன்னியில் சண்டை முடிந்த பிறகு எங்கெங்கோ அலைந்து, கடைசியில் எங்கள் பேஸ்மென்டுக்கு வந்து சேர்ந்திருந்தார். அவருடைய அகதிக் கோரிக்கை ஒருமுறை மறுக்கப்பட்டு, மறுவிசாரணைக்குக் காத்திருந்தது. அதுவும் தோற்றால் பிளேன் ஏற்றிவிடுவார்கள். இதையெல்லாம் எனக்கு அப்போது ஒருவரும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த மாமா நன்றாகப் பகிடி விடுவார், எனக்குத் தலை பின்னிவிடுவார், வீட்டு மணி அடித்தால் மட்டும் மேலே வரமாட்டார். கூச்ச சுபாவம் என்று நினைத்திருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஆசிரியர்களுக்கு மட்டும் பள்ளிக்கூடம், பிள்ளைகளுக்கு இல்லை. கியூபெக்கில் இப்படி ஒரு நல்ல வழக்கம் உண்டு. மாமாவின் வழக்கு நல்லபடி முடியவேண்டும் என்று அம்மா வைரவருக்கு வடைமாலை நேர்ந்திருந்தார். விடிய எழும்பி, தலை தோய்ந்து, உழுந்து அரைத்து, மிளகு போட்டு வடை சுட்டுக்கொண்டிருந்தார். சாமிக்குப் படைக்குமுன் வாசம் பிடித்தாலே குற்றம் என்பதால் நான் குசினிக்குள் போகாமல், பின்பக்கத்து யன்னலில் நின்று மூக்கால் மட்டும் குற்றம் செய்துகொண்டிருந்தேன். அப்படித்தான் அந்த நாயைக் கண்டேன்.

பின்வீட்டில் புதிதாக ஓர் இளைஞன் குடிவந்திருந்தான். அவனுடைய நாய் மண்ணிறம், கட்டை மயிர், ஒல்லி உடம்பு. அதைப் படிக்கட்டுக் கம்பியில் கட்டிவிட்டு முதல்நாள் பின்னேரமே காரை எடுத்துக்கொண்டு போனவன் திரும்பவில்லை. வெளியே மூக்குமயிர் உறையும் குளிர். தண்ணீர்ச் சட்டி கல்லாகிக் கிடந்தது. நாய் ஒரு காலைத் தூக்கும், அதை வைத்துவிட்டு மறுகாலைத் தூக்கும். நிலத்தில் நெருப்பு எரிகிற மாதிரி நின்றது.

அந்த வாரம்தான் எங்கள் ஆசிரியை இதைப் பற்றி வகுப்பில் சொல்லியிருந்தார். குளிரில் நாயைக் கட்டிவிட்டிருக்கக் கண்டால் முதலில் வீட்டுக்காரரைக் கேளுங்கள், ஆள் இல்லையென்றால் நகரசபைக்குத் தொலைபேசி எடுங்கள் என்றார். டோர்வல் விமான நிலையத்தில் இரவு முழுக்கப் பெட்டி ஏற்றிவிட்டு அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்த அப்பாவை நான் யன்னலுக்கு இழுத்துப் போனேன்.

அப்பா கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கழற்றிய கோட்டை மறுபடி போட்டுக்கொண்டு, வீதியைச் சுற்றி நடந்துபோய்ப் பின்வீட்டு மணியை அடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

“ஆளில்லை. இப்ப வந்திடுவான்,” என்றார்.

“நகரசபைக்குப் போன் எடுப்பம் அப்பா. நானே பிரெஞ்சில கதைக்கிறன்.”

“எங்கட வீட்டிலயிருந்து ஒருத்தரும் ஒரு இடத்துக்கும் போன் எடுக்கப்படாது. விளங்குதோ?”

இதைச் சொல்லும்போது அப்பா என்னைப் பார்க்கவில்லை. போய்ப் படுத்துவிட்டார். கிழவரின் பகிடிக்குப் பயந்து ஓர் உயிரைச் சாக விடுகிறார் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பேஸ்மென்டுக்கு இறங்கி மாமாவைக் கூட்டி வந்தேன்.

மாமா யன்னலில் நின்று பார்த்தார். நாய் இப்போது காலை மாற்றவில்லை. படியோடு ஒட்டிப் படுத்திருந்தது.

“நடுங்கிறதையும் விட்டிட்டுது,” என்றார் மாமா.

“நீ அந்தப் பக்கம் பாராதை தம்பி. கீழ போ,” என்றார் அம்மா, வடைகளை நூலில் கோத்தபடி.

மாமா போகவில்லை.

“வன்னியில எங்கட நாயை நான் கட்டிப்போட்டுத்தான் வந்தனான் அக்கா. பின்னால வந்திடுமெண்டு.”

அம்மாவின் கை அப்படியே நின்றது. அப்படியென்றால் அதை யார் அவிழ்த்துவிட்டது என்று நான் மாமாவைக் கேட்டேன். அவர் பின்கதவடிக்குப் போய், அங்கே கிடந்த அப்பாவின் பனிச் சப்பாத்தில் காலை விட்டார். அப்பாவுக்குப் பெரிய பாதம். மாமா அதற்குள் காலைப் போட்டு இழுத்து இழுத்து, முழங்கால் ஆழப் பனியில் நடந்து, வேலியில் ஏறி அந்தப் பக்கம் குதித்தார்.

நாய்க்கு நன்றி தெரியும் என்றெல்லாம் சொல்வார்கள். இந்த நாய் காப்பாற்ற வந்தவரைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. கிட்ட நெருங்க விடவில்லை. மாமா அதே வேலியால் திரும்பி ஏறி வந்து, குசினிக்குள் எட்டி, அம்மாவின் மடியில் கிடந்த வடைமாலையில் ஒரு துண்டை அறுத்தெடுத்தார்.

“எட சண்டாளா, இன்னும் படைக்கேல்லையடா,” என்றார் அம்மா.

“வைரவற்றை வாகனம்தானே அக்கா. அதுக்கு முதல்ல குடுத்தா அவர் கோவிக்கமாட்டார்.”

வைரவரின் வாகனம் நாய் என்பது அம்மாவுக்குத் தெரியாதது அல்ல. ஆனால் அந்த விஷயம் சாமியறைப் படத்தோடு நின்றுவிடும் என்றுதான் அவர் நினைத்திருக்க வேண்டும். மாமா மறுபடி வேலியேறிப் போய், சூடான வடையைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டு, நாய் தின்னத் தின்னக் கிட்டப் போய், சங்கிலியைக் கழற்றி, அதைத் தன் கோட்டுக்குள் பொத்தி எடுத்துக்கொண்டு வந்தார். பின்கதவால் உள்ளே வந்து, வாசற்படியைத் தாண்டி, வடைச் சட்டியைத் தாண்டி, பேஸ்மென்டுக்கு இறங்கினார். அம்மா வடைமாலையை வைத்துவிட்டு எழும்பிப் போனார். கொஞ்ச நேரத்தில் தன்னுடைய நல்ல கம்பளியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“குடு. தண்ணி சூடாக்கிறன் எண்டு சொல்லு. ஆனா கொதிதண்ணி ஊத்த வேண்டாமாம், துணியை நனைச்சு ஒத்தட்டாம்.”

நாய் மறுபடி நடுங்கத் தொடங்கியது. நடுங்கினால் நல்லது என்று மாமா சொன்னார். நான் அதன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது.

எங்களுக்கு இடப்பக்கத்து வீட்டில் இருந்த ஒரு பெண்மணியும் அந்த நாயைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அவர் வீட்டில் போன் எடுக்கத் தடை இல்லை. நகரசபையிலிருந்து ஓர் அதிகாரியம்மா வந்து பார்த்தால் நாய் இல்லை, சங்கிலி மட்டும் கிடக்கிறது. ஒரு பெரிய சப்பாத்துத் தடம் வேலி ஏறி நேராக எங்கள் வீட்டுக்கு வருகிறது. துப்புத் துலக்க அவர்களுக்கு ஒரு வேலையும் வைக்காமல்தான் மாமா களவு எடுத்திருந்தார். நான் மேலே ஓடிவந்து யன்னலால் பார்த்தேன். அந்த அம்மாவுக்குப் பின்னால் ஒரு பொலிஸ்காரர் நின்றார்.

அப்பா எழும்பி வந்துவிட்டார். அம்மா அவருடைய காதுக்குள் இரண்டு வார்த்தை சொன்னார், அவ்வளவுதான். அப்பா என்னைத் தள்ளிவிட்டு, கையிலிருந்த மணிக்கூட்டைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தார். மோதிரத்தையும் கழற்றிக் கொடுத்தார். நாயைத் தூக்கப் போகிறார், பிறாண்டிவிடும் என்று கழற்றுகிறார் என்று நினைத்தேன். அம்மா பேஸ்மென்ட் கதவை இழுத்துச் சாத்தி, அதில் முதுகை வைத்துச் சாய்ந்து நின்றார். நாய் உள்ளே வரக்கூடாது என்று வருஷக்கணக்காகச் சொன்னவர், இப்போது அது வெளியே வராதபடி நின்றார்.

அப்பா கதவைத் திறந்தார். அதிகாரியம்மா பிரெஞ்சில் கேட்டதை நான் தமிழில் சொன்னேன்.

“நாயை எடுத்தது ஆரெண்டு கேக்கிறா.”

“நானெண்டு சொல்லு.”

நான் சொல்லவில்லை. பேஸ்மென்ட் கதவைப் பார்த்தேன். செய்தது மாமா. பயந்து படுத்துக் கிடந்தது அப்பா. நல்ல பிள்ளை பொய் சொல்லாது என்று எனக்குச் சொல்லித் தந்தவரும் அப்பாதான்.

“சொல்லு பிள்ளை,” என்றார் அப்பா மறுபடி. குரல் வழக்கமான குரலாக இல்லை, கெஞ்சுவது போல இருந்தது. என்னிடம் அவர் அப்படிக் கேட்டதே இல்லை.

அப்பாதான் எடுத்தார் என்று பிரெஞ்சில் சொன்னேன். வேண்டாவெறுப்பாகத்தான் சொன்னேன். பொலிஸ்காரர் உள்ளே எட்டி, பின்கதவடியில் கிடந்த ஈரச் சப்பாத்தைப் பார்த்தார். அப்பா அதைச் சுட்டிக் காட்டி, தன்னுடைய சப்பாத்து என்று ஆங்கிலத்தில் சொன்னார். அன்று அவர் சொன்ன ஒரேயொரு உண்மை அதுதான்.

நாயைக் கொண்டுவரச் சொன்னார்கள். அம்மா கதவைக் கொஞ்சமாகத் திறந்து அப்பாவை மட்டும் உள்ளே விட்டார். அப்பா நாயை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். அதுவோ அவருடைய தோளுக்கு மேலால் பேஸ்மென்ட் கதவைப் பார்த்து முனகிக்கொண்டே இருந்தது. கீழே சூடு நல்லது போல என்று அதிகாரியம்மா சிரித்தார். காதையும் பாதத்தையும் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் பிழைத்திருக்காது என்றார். அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இனிமேல் வேலி ஏறாமல் எங்களுக்குச் சொல்லுங்கள் என்று பொலிஸ்காரர் மரியாதையாகச் சொன்னார். அப்பா எல்லாவற்றுக்கும் மெர்சி, மெர்சி என்று நன்றி சொன்னார். அவர்கள் போன பிறகும் ஒருமுறை சொன்னார்.

நாயை அந்த இளைஞனிடம் திருப்பிக் கொடுக்கவில்லை, வேறு நல்ல வீடு கிடைத்தது என்று பிறகு அறிந்தோம். போன் எடுத்த பெண்மணி ஒரு கேக் செய்துகொண்டு வந்து அப்பாவிடம் தந்து, உங்களைப் போல ஆட்கள் இந்தத் தெருவில் இருப்பது எங்களுக்குப் பெருமை என்றார். வலப்பக்கத்துக் கிழவர் போர்வைப் பகிடியை விட்டுவிட்டு அப்பாவுக்குத் தொப்பி கழற்றத் தொடங்கினார். மாமா பேஸ்மென்டில் இருந்து அந்தக் கேக்கில் பாதியைச் சாப்பிட்டார். நான் மட்டும் அதைத் தொடவில்லை.

“அது மாமா செய்தது. நீங்கள் பொய் சொல்லிப் பேரெடுத்தீங்கள்,” என்று அப்பாவின் முகத்துக்கு நேரே சொன்னேன்.

“ஓம் பிள்ளை,” என்றார் அப்பா.

கன காலம் இந்தக் கோபத்தை நான் வைத்திருந்தேன். மாமாவின் வழக்கு வென்று, அவர் தனக்கென்று வீடு பார்த்துப் போய், அங்கே இரண்டு நாய்களோடு குடியிருக்கத் தொடங்கிய பிறகும் வைத்திருந்தேன். பெரியவளான பிறகு ஒரு நாள், ஊரில் ஆமிக்காரர் வந்து கூப்பிட்டால் ஆண்கள் எப்படிப் போவார்கள் என்று அம்மா வேறு எதற்கோ சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பி வருவார்களோ தெரியாது, அதனால் மணிக்கூடு, மோதிரம் எல்லாவற்றையும் வீட்டில் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள் என்றார். அப்பாவும் ஒருமுறை அப்படிப் போய்த் திரும்பி வந்தவராம்.

அன்று அப்பா கதவைத் திறந்தது, வாசலில் தனக்குக் கைகொடுப்பார்கள் என்று நினைத்து அல்ல. இது விளங்காத பிள்ளையாக நான் அன்று அவருக்குப் பக்கத்தில் நின்றேன். அதிகாரியம்மாவும் பொலிஸ்காரரும் போன பிறகு அம்மா மணிக்கூட்டை அப்பாவின் கையில் திரும்பக் கட்டிவிட்டார். கட்டும்போது அம்மாவின் கண்ணால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடி உடைந்துவிட்டது போல என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். மணிக்கூட்டுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை.