குழுவுக்குப் போன ஒற்றைச் சொல்

எங்கள் குடும்பத்தில் சாவை யாரும் நேரே சொல்வதில்லை. அப்பா இறந்தபோது லண்டனில் இருந்த தங்கச்சிக்கு, "அப்பாவுக்குக் கொஞ்சம் கடுமை, வெளிக்கிட்டு வா" என்றுதான் சொன்னோம். வெள்ளவத்தை வீட்டில் வந்து இறங்கி, வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளைக் கண்ட பிறகுதான் அவளுக்கு விஷயம் விளங்கியது.

இந்த வருடம் அம்மாவை இதய ஒப்பரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். மறுநாள் ஒப்பரேஷன். அவரைப் பதற விடக்கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால், அவருடைய ஃபோனைக்கூட நான் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

மதியம் பார்க்கப் போவதற்குள் ஒரு மொழிபெயர்ப்பை முடிக்கலாம் என்று கணினியைத் திறந்தேன். முதல் நாள்தான் அதன் இயங்குதளமான லினக்ஸைப் புதுப்பித்திருந்தேன். தமிழ் தட்டினால் சிங்களம் விழுந்தது. புதுப்பிப்பு என் தமிழ் விசைப்பலகையைத் தொலைத்துவிட்டு, நாட்டின் பெயரை மட்டும் பத்திரமாக வைத்திருந்தது. நாடு இலங்கை என்றால் எழுத்து சிங்களம் என்று அதுவே முடிவுகட்டிவிட்டது. அந்தப் பாடத்தை ஒரு கணினியிடம் வேறு படிக்க வேண்டுமா என்று எரிச்சல்தான் வந்தது. கட்டளை எழுதித் திருத்தலாம் என்றால் கட்டளையும் சிங்களத்தில் விழுந்தது. கடைசியில் மவுஸைப் பிடித்தே அமைப்புகளுக்குள் போய், சிங்களத்தை எடுத்துவிட்டுத் தமிழைச் சேர்த்தேன்.

சரிவந்ததா என்று பார்க்கத் தமிழில் தட்டச்சு செய்கிற எவரும் முதலில் தட்டுவது "அம்மா"தான். வேறு இடம் தேடச் சோம்பல்பட்டு, திரையில் திறந்து கிடந்த குடும்ப அரட்டைக் குழுவின் செய்திப் பெட்டியிலேயே தட்டினேன். தமிழ் விழுந்தது. அந்தச் சந்தோஷத்தில் என்டரையும் தட்டினேன். அது குழுவுக்குப் போய்விட்டது என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. திருத்தம் நிலைக்கிறதா என்று கணினியை அணைத்துத் திரும்பப் போட்டேன். மறுபடியும் சிங்களம். முழுக் கணினிக்குமான அமைப்பு ஒன்று அடியில் இருந்துகொண்டு, ஒவ்வொரு முறையும் என் திருத்தத்தை அழித்துக்கொண்டிருந்தது. அதைத் தேடிப் பிடித்து மாற்றி முடிக்கும்வரை, சத்தத்தை நிறுத்தி வைத்த ஃபோனை நான் திரும்பியும் பார்க்கவில்லை.

பார்த்தபோது திரை முழுவதும் தங்கச்சியின் தவறிய அழைப்புகள். திருப்பி அழைத்ததும் அவள் கேட்டாள்.

"அண்ணா, எப்ப நடந்தது?"

எனக்குத் தெரியாத ஏதோ அவளுக்கு முதலே தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகுதான் குழுவைப் பார்த்தேன். "அம்மா" என்று ஒரு சொல். அதற்குப் பிறகு என்னிடமிருந்து ஒன்றுமே இல்லை.

"ஐயோ, அது கீபோர்டைச் செக் பண்ண அடிச்சது. அம்மா நல்லா இருக்கிறா."

"அப்பாவுக்கும் இப்பிடித்தானே சொன்னனீங்கள்."

"சத்தியமா."

"அப்ப அவவோட கதைக்க விடுங்கோ."

அம்மாவின் ஃபோனோ என் மேசையில் கிடந்தது. வார்டுக்கு அழைத்தேன். "அம்மா ஹொந்தாய்" என்று தாதி சிங்களத்தில் சொன்னார். நன்றாக இருக்கிறார் என்று சொல்லத்தான் எங்களுக்கும் தெரியுமே. ஓட்டோ பிடித்துக் காலி வீதி நெரிசலில் போகும்போது என் நம்பிக்கையும் விட்டுப்போயிருந்தது. பம்பலப்பிட்டியில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது, அங்கே கட்டில் வெறுமையாக இருக்கும் என்றே மனம் சொன்னது. அப்படிப் பயந்து நான் எங்கும் போனதில்லை.

அம்மா கட்டிலில் இருந்து தோடம்பழம் உரித்துத் தின்றுகொண்டிருந்தார். கண்டதும் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. யோசிக்காமல் தங்கச்சியை வீடியோவில் அழைத்து, அவருடைய முகத்துக்கு நேரே ஃபோனைப் பிடித்தேன். அவள் "அம்மா, அம்மா" என்று விம்மினாள்.

அம்மா அவளைப் பார்த்தார். பிறகு என்னுடைய கண்களைப் பார்த்தார். மிச்சப் பழத்தைத் தட்டில் வைத்தார்.

"டொக்டர் என்ன சொன்னவர்?"

"ஒண்டும் இல்லையம்மா. நாளைக்கு எல்லாம் நல்லபடியா முடியும் எண்டுதான் சொன்னவர். இது என்ர கீபோர்ட்டாலை வந்த வினை..."

"விடு தம்பி," என்றார் அம்மா. "உங்கட அப்பா போன அண்டைக்கு, இவளுக்கு நானும் இப்பிடித்தானே சொன்னனான்."