கெசையா கொடுத்த நூறு ஏக்கர்

என் நாத்தனார் வெர்டெல் மேன்லி முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "தெனம் அறுபது புள்ளைங்களக் கட்டி மேய்க்கிறேன், பத்தாதா?" என்பாள். பொய் சொன்னால் அவளுக்கு ஆகாது. சொன்னவர்களை மன்னிக்கவும் மாட்டாள். எனக்கும் அவளுக்கும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. ஆனாலும் முட்டி தேய்ந்து அவள் வீட்டோடு உட்கார்ந்த பிறகு, அவளுக்குக் கார் ஓட்டியது நான்தான்.

எங்கள் குடும்பத்துக் கல்லறைகள் ஓடைப்பக்கம் தேவதாரு மரங்களுக்கு அடியில் இருந்தன. பாதிக்கு மேல் பெயர்க்கல் கிடையாது, தலைமாட்டில் அடையாளத்துக்குச் சிப்பி மட்டும். அந்த நிலத்தை ஒரு ஜல்லிக் குவாரிக்காரன் வாங்கினான். எலும்புகளைத் தோண்டி டவுன் கல்லறைக்கு மாற்றப்போவதாக நோட்டீஸ் ஒட்டினான். அது மேன்லிகளின் நிலம் என்று அக்டோபர் கூட்டத்துக்குள் பத்திரம் காட்டினால் நிறுத்திவைக்கிறோம் என்றது எங்கள் மாவட்டத்தை ஆளும் கவுண்டி சபை.

குவாரிக்காரன் வருவதற்கு வெகு முன்பிருந்தே, பதினேழு வருஷமாக, வெர்டெல் அந்தப் பத்திரத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். எங்கள் பெல்மோர் கவுண்டி கோர்ட்டில் 1785க்கு முந்தைய பத்திரப் பதிவுப் புத்தகமே இல்லை. பழைய கோர்ட் எரிந்துபோனது என்று ஊரே சொல்லும். எங்கள் பக்கம் கிடைக்காத எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பதில்தான். ஆவண அறைக்குப் புதிதாக வந்த குமாஸ்தா அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"எதுவும் எரியலம்மா. அப்போ இந்தக் கவுண்டியே கெடையாது. உங்க ஓடை அந்தக் காலத்துல ஆஷ்டன் கவுண்டில இருந்துச்சு. நீங்க நகரல, எல்லைக் கோடுதான் நகந்துச்சு."

"பதினேழு வருஷம் அடுத்த வீட்டுக் கதவத் தட்டிக்கிட்டு இருந்திருக்கேன். ஒருத்தனுக்காவது வாய் இருந்துச்சா?" என்று அந்த அறையே அதிரக் கத்தினாள் வெர்டெல். பாவம், உண்மை சொன்ன ஒரே ஆளிடம்.

ஆஷ்டன் கோர்ட்டில் இரண்டாவது நாளே கிடைத்தது. 1768, எங்கள் நாடு இங்கிலாந்து ராஜாவின் கீழ் இருந்த காலம். அடிமையாக இல்லாத கறுப்பர் ஜேக்கப் மேன்லி, ஓடையை ஒட்டி நூறு ஏக்கர் வாங்கியிருக்கிறார். வெர்டெல் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவள் அழுது நான் அதுவரை பார்த்ததில்லை.

"நகல் எடுத்தாச்சுல்ல, கெளம்பு," என்றேன்.

"இருங்க அண்ணி, புத்தகம் இன்னும் முடியல."

பஸ் ஓட்டுகிறவர்களுக்கு அது பழக்கம். ஒவ்வொரு நடையும் முடிந்ததும், பிள்ளைகள் யாராவது தூங்கிப்போயிருக்கிறார்களா என்று கடைசி சீட் வரை நடந்து பார்ப்பார்கள். அப்படித்தான் அவள் அந்தப் புத்தகத்தையும் புரட்டினாள். 1774ல் நின்றாள்.

அந்தக் காலத்தில் அப்பன் செத்துப்போனால் கறுப்பர் வீட்டுப் பிள்ளைகளைக் கோர்ட் பிடித்துப்போய், இருபத்தொரு வயதுவரை வேலை செய்யும்படி வெள்ளைக்காரப் பண்ணைகளில் கட்டிவிடும். தாய் உயிரோடிருந்தாலும் அதேதான். ஜேக்கப்பின் விதவை கெசையா நூறு ஏக்கரையும் பக்கத்துப் பண்ணைக்காரனுக்கு எழுதிக் கொடுத்திருந்தாள். பதிலுக்கு அவனிடம் கட்டுண்டு கிடந்த அவள் பிள்ளைகள் சைலஸையும் டார்க்கஸையும் அவன் விட்டுவிட வேண்டும். புருஷன் கல்லறையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கீழே கையெழுத்துக்கு ஒரு பெருக்கல் குறி. பிறகு அவளும் பிள்ளைகளும் அதே மண்ணில் குத்தகைக்கு உழுது, அங்கேயே செத்து, அங்கேயே புதைந்திருக்கிறார்கள்.

காரில் வாங்கிவைத்த மீன் சாண்ட்விச்சை இருவரும் தொடவில்லை.

"மொதத் தாள மட்டும் குடு," என்றேன். "ரெண்டாவது எந்தப் பயலுக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே."

"உன் நேர்மைய வச்சு கல்லறைக்கு வேலி போட்டுக்கோ."

"சைலஸ் வம்சத்துலதான் உங்க புருஷனே பொறந்தாரு, அண்ணி. இந்தத் தாள மறைச்சா, கெசையா புள்ளைங்கள மீட்டதே இல்லேன்னு ஆயிடும்."

கூட்டத்தில் இரண்டையும் கொடுத்தாள். தலைவர் படித்துப் பார்த்துவிட்டு, "அம்மா, இது உங்களுக்கே எதிரான பத்திரம்," என்றார்.

"தெரியும். அவ எதுக்காகக் கொடுத்தாள்னு சத்தமாப் படிங்க."

படித்தார். பிறகு சபையின் ஐந்து பேரும் குவாரிக்கு ஆதரவாகக் கை தூக்கினார்கள். ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு அவள் மேல் வந்த ஆத்திரம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

நவம்பரில் தோண்டினார்கள். பெரிய மரத்தடியில் இருந்த முதல் கல்லறையில் எலும்புகூட மிஞ்சவில்லை. கறுத்த மண்ணும் சவப்பெட்டியின் நாலு ஆணியும்தான். குவாரி ஆள் அதை ஒரு சின்னப் பெட்டியில் அள்ளிப் போட்டான்.

"பேர் தெரியாதவர்னு எழுதிக்கவா?"

"ஜேக்கப் மேன்லி," என்றாள் வெர்டெல். "கெசையா புருஷன்."

"அது இவர்தான்னு ஆதாரம் இருக்கா?"

நிலம் வாங்கியதற்கும் கொடுத்ததற்கும் அவளிடம் தாள் இருந்தது. இந்தக் குழியில் இருப்பது யார் என்று சொல்ல ஒரு தாளும் இல்லை.

நான் நடுவில் புகுந்தேன். "இருக்குய்யா, வீட்ல பத்திரமா இருக்கு. பேர எழுது."

அவன் எழுதினான். வெர்டெல் என்னைப் பார்க்காமல் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரு வார்த்தை மறுக்கவில்லை.