வெறும்வயிற்று வீரர்

தோட்டக்காரர் கொத்தின் மேலே இருக்கும் திராட்சையைப் பறித்து நீட்டினால் சுயம்புலிங்கம் வாங்கமாட்டார். "மேப்பழம் எவன் தோட்டத்துலய்யா இனிக்காது? நுனியக் குடு" என்று குனிந்து, கடைசியாகப் பழுக்கும் அடிநுனிப் பழத்தைக் கடித்துப் பார்ப்பார். சுருளிப்பட்டிப் பக்கம் இந்த வியாபாரியை ஏமாற்றித் திராட்சை விற்றவர் கிடையாது.

தன் ரத்தத்தில் சர்க்கரையைச் சோதிப்பதில் மட்டும் மனிதர் அப்படியே தலைகீழ். முதல் நாள் இரவு கஞ்சித் தண்ணீரோடு நிறுத்திக்கொள்வார். விடிந்ததும் முல்லையாற்றுப் பாலம் வரை வேர்க்க விறுவிறுக்க நடப்பார். வந்த கையோடு விரலில் குத்தி, "பாத்தியா, நூத்திப்பத்து! டாக்டருக்கே இம்புட்டு நல்லா இருக்காது" என்று மனைவி பாண்டியம்மாளிடம் மெஷினைக் காட்டுவார். பாஸாகிவிட்ட சந்தோஷத்தில் நேரே டீக்கடைக்குப் போய் உளுந்தவடையும் சீனி தூக்கலாக டீயும். அடுத்த வாரம் வரை மெஷின் பீரோவுக்குள் நிம்மதியாகத் தூங்கும்.

சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர். கேட்பாரா? "உண்ட மயக்கத்துல ரத்தமும் மயங்கிக் கெடக்கும். மிசினு தப்பாக் காட்டும்." ஆகா, என்ன விஞ்ஞானம்! பாவம் டாக்டர், இவர் சொல்லும் காலைக் கணக்கை நம்பிப் பழைய மாத்திரையையே எழுதிக்கொண்டிருந்தார்.

திராட்சைப் பந்தல் கம்பி கால் பெருவிரலைக் கிழித்தது இவருக்கு உறைக்கவே இல்லை. செருப்பில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. மாதமாகியும் புண் ஆறவில்லை. துணியைச் சுற்றிக்கொண்டு டாக்டருக்கும் காட்டவில்லை, வீட்டிலும் காட்டவில்லை. பாண்டியம்மாள் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் அண்ணன் சுந்தரலிங்கத்துக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது; இப்போது ஒற்றைக் காலோடு கட்டிலில் கிடக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு தின்று உறங்கி எழுந்தவரின் கையைப் பாண்டியம்மாள் பிடித்துக்கொண்டாள்; மறுகையில் மெஷின்.

"காலைல பாப்போம், விடு தாயி."

"ஊரான் தோட்டத்துல நுனிப்பழம் கடிக்கத் தெரியுதுல்ல? எங்கண்ணன் கெடக்குற கெடைய நீங்களுந்தான பாக்குறீக. எனக்குப் பயமா இருக்குங்க."

குத்தினாள். முந்நூற்று நாற்பது.

"மிசினு கெட்டுப்போச்சு. வேற ஊசியப் போட்டு ஒன் வெரல்ல குத்து, பாப்போம்."

அதே கறிச்சோற்றைத் தின்ற பாண்டியம்மாளுக்கு நூற்றிருபதுதான் காட்டியது.

சுயம்புலிங்கம் மெஷினை ஒருமுறை தட்டிப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, பெருவிரல் துணியை அவிழ்த்து, காலை அவள் பக்கம் நீட்டினார்.