பிள்ளையைக் குளிப்பாட்டும் சூடு

மூதூர் இறங்குதுறையை விட்டு லோஞ்ச் விலகியதும் றொபேட் சாக்குக் குவியலில் சரிந்து கண்ணை மூடிவிடுவார். இடது கை மட்டும் விளிம்புக்கு வெளியே தொங்கும். இஞ்சினைச் சுற்றி வந்த கடல் தண்ணீர் பக்கத்துக் குழாயால் கொட்டுமல்லவா, அது அந்த உள்ளங்கையில் விழுந்து விரலிடுக்கால் வழிந்து மறுபடி கடலுக்குப் போகும். வாய் கொஞ்சம் திறந்திருக்கும். ஈ புகுந்தாலும் தெரியாது. இந்த லோஞ்சின் இஞ்சின்காரர் இவரேதான்.

எனக்கு வீடு திருகோணமலையில், உத்தியோகம் மூதூரில். சண்டையால் தரைவழி பூட்டிக் கிடக்கிற காலம். கொட்டியாரக் குடாவைத் தாண்ட இந்த லோஞ்சை விட்டால் வேறு கதியில்லை. முதல்நாள் இவருடைய நித்திரையைப் பார்த்து எனக்கு ஏறிய ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. கும்பகர்ணனின் கூடப்பிறந்தவனிடமா இத்தனை உயிர்களை ஒப்படைத்திருக்கிறீர்கள் என்று, சுக்கான் பிடிக்கும் ஸெய்னுதீன் நானாவிடம் போய்ச் சண்டை பிடித்தேன். அவர் முகத்தைக்கூடத் திருப்பவில்லை.

"அவர் முழிச்சிருந்தாத்தான் சேர் பயம்" என்றார்.

பிறகு ஒருநாள் றொபேட்டையே கேட்டேன். ஒற்றைக் கண்ணைத் திறந்து விளக்கம் சொன்னார். கீழே உள்ள ஓட்டையால் கடல் தண்ணீர் உள்ளே வர வேண்டுமாம், இஞ்சினின் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே போக வேண்டுமாம். குடித்த தண்ணீர் வெளியே போனால்தானே சுகம், மனிதருக்கும் அதுதானே என்றார். எவ்வளவு சூடு இருக்கலாம் என்று கேட்டேன். அதற்கு மட்டும் இரண்டாவது கண்ணையும் திறந்தார்.

"பிள்ளையைக் குளிப்பாட்டுற சூடு. அதுக்கு மேலை போனா என்ரை கை எழும்பும். கை எழும்பினா நானும் எழும்புவன்."

துறைமுகத்தை நெருங்கும்போது கடற்படை இடைக்கிடை தண்ணீருக்குள் வெடி போடும். அடியால் யாரும் நீந்தி வந்துவிடக்கூடாதாம். 'டும்' என்று பலகையில் இடித்து அடிவயிற்றில் முடியும். பெண்கள் பிள்ளைகளை இறுக்கிக்கொள்வார்கள். நான் உள்ள தெய்வங்களையெல்லாம் கூப்பிடுவேன். றொபேட் அசையமாட்டார். இதையெல்லாம் பத்திரிகையில் எழுதலாமோ என்று பயமாகத்தான் இருக்கிறது. சரி, எழுதியாயிற்று.

கரை சேர்ந்து விழித்ததும் கண்ட கனவைச் சொல்வார். வானொலிச் செய்தி சொல்வதுபோல நிதானமாகச் சொல்வார். ஒருநாள் குடா முழுக்க வற்றிப்போயிற்றாம். மூதூர்ச் சனம் மாட்டுவண்டியிலும் சைக்கிளிலும் நேரே திருகோணமலைக்கு வந்துகொண்டிருந்ததாம். அடையாள அட்டை கேட்க ஒரு குருவியும் இல்லையாம். மணல் நல்ல குளிர்ச்சியாம், செருப்பில்லாமல் நடந்தாராம், தனக்கு மட்டும்தான் அங்கே வேலை இல்லையாம். சொல்லிவிட்டு உள்ளங்காலைத் தடவிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று கந்தோர்க் கடுதாசிகளைப் பார்த்துக்கொண்டே அந்த மணலில் நானும் கொஞ்சத் தூரம் போய்வந்தேன்.

பாலையூற்றில் அவர் வீட்டுக்கு ஒருமுறை போயிருக்கிறேன். மனைவி மாகிரட் கொதிக்கக் கொதிக்கத் தேநீர் கொண்டுவந்தார். றொபேட் அதை ஜன்னல் கட்டில் வைத்துவிட்டு மறந்துபோனார். சோறும் ஆறினால்தான் தொடுவாராம். கோபமும் அப்படித்தான் என்று மாகிரட் முறைப்பட்டார். தான் சண்டை பிடித்து, அழுது, மறந்து, தலை வாரிப் பூவும் வைத்துக்கொண்ட பிறகு இந்த மனிதர் பதில் சொல்ல வருவாராம். றொபேட் அதற்கும் ஆறுதலாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

போன பங்குனியில் ஒரு காலைப் பயணம். முதல்நாள் இரவு மூதூரில் தங்கிவிட்டு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். எனக்குப் பக்கத்தில் பூரணி என்று ஓர் அம்மா. மூதூருக்குத் தெற்கே ஏதோ கிராமம். திருகோணமலையில் கடையொன்றில் வேலைக்கு நின்ற அவருடைய ஒரே மகனை இராணுவச் சுற்றிவளைப்பில் பிடித்துவிட்டார்கள். மத்தியானத்துக்கு முன் தாய் நேரில் வந்து பொறுப்பெடுத்தால் விடலாம், பிந்தினால் தெற்கே தடுப்புமுகாமுக்கு அனுப்பும் வாகனத்தில் ஏற்றிவிடுவோம் என்று ஆள்மூலம் செய்தி வந்திருந்தது. தெற்கே போனவர்களைத் தேடி அலைந்த தாய்மாரை அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஏறியதிலிருந்து சூரியனையும் என் கைக்கடிகாரத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், நேரம் கேட்கக்கூட வெட்கம். நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

குடாவின் நடுவே வழக்கம்போலக் கடற்படைப் படகு மறித்துப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னது. லோஞ்ச் மறுபடி வேகமெடுத்துக் கொஞ்சத்தூரம் போயிருக்கும். றொபேட்டின் கை சட்டென்று மேலே எழும்பியது. கண் திறந்தது. குழாயைப் பார்த்தார். கொட்டிய தண்ணீர் நூலாக மெலிந்து ஆவி பறந்தது. எழுந்துபோய் இஞ்சினை நிறுத்திவிட்டார்.

அந்த அமைதியை என்னவென்று சொல்ல! இத்தனை பயணத்திலும் குடாவுக்குச் சொந்தமாக ஒரு சத்தம் உண்டென்று அன்றுதான் கேட்டேன். பலகையைத் தட்டிக்கொண்டு, தனக்குள்ளேயே ஏதோ கதைத்துக்கொண்டு, ஒளியில் தூங்கிவழிந்தபடி கிடந்தது கடல். சாகப் போகிறோமோ என்ற பயத்துக்கு நடுவிலும் ஒரு நிமிடம் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

ஸெய்னுதீன் நானா பாய்ந்து வந்தார். இந்த இடத்தில் எதுவும் நிற்கக்கூடாது, நின்றால் சுடுவான் என்று உறுமினார். பூரணியம்மா அதற்குமுன்பே போய் றொபேட் உடுத்திருந்த சாரத்தைப் பிடித்துவிட்டார்.

"நிப்பாட்டாதேங்கோ தம்பி. மெல்ல மெல்லவெண்டாலும் ஓட்டுங்கோ. பிள்ளையைக் கொண்டு போயிடுவாங்கள்."

"ஓட்டினா இஞ்சின் இறுகிப்போம் அக்கா. பிறகு இண்டைக்குப் போகவே ஏலாது. கொஞ்சம் நிண்டாப் போகலாம்."

பூரணியம்மா நம்பவில்லை. நானும் நம்பவில்லை. யாரோ ஒருவர் அவசரப் புத்தியில் வாளியால் கடல் தண்ணீரை அள்ளி இஞ்சின் மேல் ஊற்றப் போனார். றொபேட் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கொதித்த மண்சட்டியில் பச்சைத்தண்ணீர் விட்டால் என்ன ஆகும் என்று கேட்டு, வாளியை வாங்கிக் கீழே வைத்தார். பதறாத காரியம் சிதறாது என்று வீட்டுக்குள் இருந்துகொண்டு யாரும் சொல்லலாம். கடற்படைப் படகு திரும்பி எங்களை நோக்கி வந்துகொண்டிருக்கையில் சொல்லிப்பாருங்கள்.

துவக்கு நேரே நீண்டது. றொபேட் இரண்டு கையையும் உயர்த்தி, "வத்துர நே மாத்தயா, வத்துர நே" என்றார். சிங்களத்தில் தண்ணீர் இல்லை ஐயா என்று அர்த்தம். நடுக்கடலில் நின்றுகொண்டு தண்ணீர் இல்லை என்கிற மனிதனை அந்தச் சிப்பாய் மேலும் கீழும் பார்த்தான். சிரிப்பை அடக்க அவனுக்கு முடியவில்லை. கெதியாக முடி என்று கையைக் காட்டிவிட்டு, படகைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திக் காவல் நின்றான்.

றொபேட் தண்ணீர்ப் பம்பியைச் சுற்றும் பட்டியை அமத்திப் பார்த்தார், தளரவில்லை. வடிப்பெட்டியைத் திறந்தார், குப்பை இல்லை. அடியோடு பொருந்திய குழாயைக் கழற்றிக் கீழ்வால்வைத் திறந்தார். உள்ளே பாய வேண்டிய கடல் ஒரு சொட்டும் வரவில்லை. லோஞ்சின் அடியில் ஏதோ அடைத்துவிட்டது. குதித்து எடுக்கலாமென்றால், அந்தத் தண்ணீரில் தலையை விடுகிறவனுக்கு என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு கம்பியின் நுனியை வளைத்து, ஓட்டைக்குள் விட்டு, கண்ணை மூடிக்கொண்டார். கம்பியை மெல்லத் திருகினார், இழுத்தார், விட்டார், மறுபடி இழுத்தார். பூரணியம்மா என்னிடம் நேரம் கேட்பதை நிறுத்தியிருந்தார்.

திடீரென்று கடல் உள்ளே பாய்ந்தது. றொபேட்டின் நெஞ்சில் அடித்து முகமெல்லாம் தெறித்தது. லோஞ்ச் தாழப்போகிறது என்று சனம் கத்தியது. அவரோ அந்தத் தண்ணீரில் நனைந்தபடி, மழையில் அகப்பட்ட சின்னப்பிள்ளைபோலச் சிரித்துக்கொண்டே வால்வைப் பூட்டினார். கம்பி நுனியில் வந்ததை இடக்கைக்குள் மடக்கிக்கொண்டார்.

குனிந்து நின்ற எனக்கு அது தெரிந்துவிட்டது. ஒரு சின்னப் பொலித்தீன் சொப்பின் பை. வாய் முடிச்சுப் போட்டது. உள்ளே நசிந்த செவ்வரத்தம்பூவும் கரைந்த விபூதியும். கடற்படை மறித்து இஞ்சின் மெதுவான நேரத்தில், பூரணியம்மா கோணேசர் கோயில் திக்கைக் கும்பிட்டு, அந்தப் பையை அப்படியே தண்ணீரில் விட்டதை நான் பக்கத்திலிருந்து பார்த்திருந்தேன். எனக்கு ஆத்திரம் உச்சியில் ஏறிவிட்டது. எத்தனை பேரின் உயிர்! வாயைத் திறந்தேன். றொபேட் என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டேன்.

எந்த அறிவுகெட்டவன் எதைப் போட்டான் என்று ஸெய்னுதீன் நானா சத்தம்வைத்தார். எல்லோரும் அந்த மடக்கிய கையைத்தான் பார்த்தார்கள்.

"பாசி நானா. வெறும் பாசி" என்று சொல்லி, றொபேட் கையைச் சாரமடிப்புக்குள் விட்டு வெறுங்கையாக எடுத்தார்.

இஞ்சின் ஆற விட்டு, தண்ணீர் கொட்டத் தொடங்கியதும் மெதுவாக ஓட்டினார். திருகோணமலை இறங்குதுறையை அடைந்தபோது மத்தியானத்துக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. எல்லோருக்கும் முன்னால் இறங்கிய பூரணியம்மா, ஓடத் தொடங்கியவர், திரும்பி வந்தார். றொபேட்டின் ஒயில் படிந்த கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"நடுக்கடலிலை கோணேசருக்குப் பூ விட்டனான் தம்பி. அவர்தான் உங்கடை இஞ்சினை ஓட வைச்சவர்."

"ஓம் அக்கா" என்றார் றொபேட். "நிக்காதேங்கோ, ஓடுங்கோ."

பூரணியம்மா மகனோடு பின்னேர லோஞ்சில் திரும்பிப் போனதை ஸெய்னுதீன் நானா சொல்லித்தான் அறிந்தேன். ஆனால் அந்த நேரத்தில் அது எங்களுக்குத் தெரியாது. சோதனைச்சாவடி வரிசையில் அவருடைய முதுகு மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றோம்.

பிறகு றொபேட் லோஞ்சின் மறுபக்கத்துக்குப் போனார். மடியிலிருந்த பையை எடுத்து முடிச்சைப் பல்லால் அவிழ்த்தார். பூக்களை ஒவ்வொன்றாக எடுத்து இதழை நிமிர்த்தித் தண்ணீரில் வைத்தார். அவை லோஞ்சின் அடிப்பக்கமாகவே ஒதுங்கி வந்தன. முழங்காலில் நின்று, உள்ளங்கையால் தண்ணீரைத் தள்ளித் தள்ளி, அவற்றைக் கோணேசர் மலைப்பக்கம் அனுப்பிக்கொண்டிருந்தார்.