சாய்வா வெட்டினது கீழே

குடியிருப்பின் பின்பக்கம் கட்டட வேலை முடிந்து காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்ததுமே செடிக்காரம்மாவுக்கு இடுப்பு வலி வந்துவிட்டது. இந்தச் சுவரிலிருந்து பார்த்தால் அந்தச் சுவர் ஓரத்தில் நிற்பவரின் முகம் தெரியாது, அவ்வளவு இடம். அதைச் செடியால் நிரப்பச் சொல்லிச் சங்கச் செயலாளர் கொடுத்த தொகையோ யானைப் பசிக்குச் சோளப்பொரி.

"மழைக்கு முன்னாடி பச்சையா தெரியணும்மா. இல்லேன்னா புல்லு விரிக்கிற கம்பெனிக்கே மொத்தத் தோட்டத்தையும் விட்டுடலாம்னு கமிட்டியில பேசிக்கிறாங்க" என்றார் அவர். கெட்ட மனுஷன் இல்லை. கெட்ட செய்தியை மட்டும் கொண்டுவருகிற மனுஷன்.

மொத்தத் தோட்டம் என்றால் அவளுடைய வேலையும் அதில் அடக்கம். வீட்டில் சம்பளம் வாங்குவது அவள் ஒருத்திதான். கணவர் லாரி ஓட்டியவர். வலது கை முறிந்து, எலும்பு கூடியும் பலம் கூடாமல் போனதிலிருந்து நாற்காலிக்கும் ஜன்னலுக்குமாக வாழ்ந்துகொண்டிருந்தார். போனது ஒரு கை. மிச்சமும் போய்விட்டதாக அவரே முடிவு கட்டிக்கொண்டார்.

அவள் நர்சரி நர்சரியாக ஏறி இறங்கினாள். விலை கேட்டுவிட்டு, பூவை மட்டும் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். ஒரு நர்சரிக்காரர் இரக்கப்பட்டு, விற்காமல் தொட்டியிலேயே வேர் சுருண்டு கிடந்த செடிகளைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டார். அவை ஒரு மூலைக்குக்கூடப் போதவில்லை. பிறகு குடியிருப்பில் வீடு வீடாகக் கேட்டுப் பார்த்தாள். எல்லாரும் முகம் மலர்ந்து கொடுத்தார்கள். ஆனால் யாராவது அருமையான செடியைப் பிடுங்கிக் கொடுப்பார்களா? எந்தச் செடி தொட்டியைத் தாண்டி, பக்கத்துச் செடியையும் விழுங்கி, தொலைந்தால் போதும் என்று இருக்கிறதோ அதைத்தான் கொடுத்தார்கள். ஏழு வீட்டிலிருந்தும் ஒரே படர்கொடி வந்து சேர்ந்தது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதுதான். மாடு ஏழும் ஒரே ஜாடையில் இருந்தால் என்ன செய்வது?

கடைசியில் வழி காட்டியது ஒரு குப்பை வண்டி. இரண்டு தெரு தள்ளி இருந்த ஆஸ்பத்திரியில் ஆள் உயரத்துக்கு வளர்ந்த செம்பருத்தி வேலியைக் கத்தரித்து, கிளைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் ஓடிப்போய் வண்டிக்காரரிடம் கெஞ்சினாள். எங்கே கொட்டினாலும் அவருக்கு ஒன்றுதான். அவள் வீட்டு வாசலில் கொட்டிவிட்டுப் போனார்.

அந்தக் கிளைகளை வைத்து இடம் முழுக்க நடலாம். ஆனால் காய்வதற்குள் சாண் சாணாக வெட்டியாக வேண்டும், குழியும் வெட்டியாக வேண்டும். அவளுக்கு இருப்பது இரண்டு கை. ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

"என்னங்க, இதைக் கொஞ்சம் வெட்டித் தர்றீங்களா? அடிப்பக்கம் சாய்வா வெட்டுங்க, நுனிப்பக்கம் நேரா. சாய்வா வெட்டினது கீழ போகணும். அப்பதான் நான் பாக்காமகூட நடலாம்."

"இந்தக் கையை வச்சுக்கிட்டா?" என்றார். ஆனாலும் நாற்காலியை விட்டு இறங்கினார். கிளையை முழங்காலுக்கடியில் அழுத்திக்கொண்டு இடது கையால் வெட்ட ஆரம்பித்தார். அன்றைக்குச் சாப்பாட்டைக்கூட அவள் இரண்டு தரம் நினைவூட்ட வேண்டியிருந்தது. இலை உருவிய குச்சிகள் கட்டுக் கட்டாக வந்தன. அவள் தலை நிமிராமல் நட்டாள், சாய்வு கீழே, சாய்வு கீழே என்று.

அதற்குப் பிறகு அவள் வேலை முடிந்து வாசல் ஏறும்போதே கேள்வி வரும்.

"துளிர் வந்துச்சா?"

"வரும், வரும்."

வரவில்லை. அவள் ஊற்றிய தண்ணீருக்குக் கல்கூட முளைத்திருக்கும். ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தாள். இலை இருந்த தழும்புக்கு மேலே நிற்க வேண்டிய மொட்டு, அதற்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. இன்னொன்றைப் பிடுங்கினாள், இன்னொன்று. எல்லாம் தலைகீழ். ஒரு கையால் வெட்டத் தோதாக அவர் கிளையைத் திருப்பிப் போட்டு, நுனியைச் சாய்வாக வெட்டியிருக்கிறார். அவளும் மொட்டைப் பார்க்காமல் வெட்டை நம்பி நட்டிருக்கிறாள்.

கோபம் வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே. மண்ணில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பிடுங்கித் திருப்பி நட ஆரம்பித்தாள். காய்ந்தது போக, நகத்தால் கீறினால் பச்சை தெரிந்தவற்றை மட்டும். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தினமும் அவள் வரத் தாமதமாகவே, ஒரு சாயங்காலம் அவரே கிளம்பி வந்து நின்றார்.

"ஏன் பிடுங்கற?"

"தலைகீழா நட்டுட்டேங்க."

"தலைகீழாவா? இத்தனை வருஷமா என்னத்தைச் செடி வேலை பாத்த?" அவருக்குச் சிரிப்பு வந்தது. "லாரியை இப்படி ஓட்டியிருந்தா நான் என்னைக்கோ போய்ச் சேர்ந்திருப்பேன். தள்ளு."

திட்டிக்கொண்டே உட்கார்ந்தார். திட்டிக்கொண்டே பிடுங்கினார். அந்தக் குரலைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று அவளுக்குத் தோன்றியது. அப்போது பார்த்துச் செயலாளர் வந்தார். மொட்டைக் குச்சிகளையும் இவர்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"தலைகீழா நட்டுட்டேன் சார். தப்பு என்னோடதுதான்."

அவர் பெருமூச்சு விட்டார். "முன்பக்கத் தோட்டம் கம்பெனிக்குன்னு நேத்தே முடிவாயிடுச்சும்மா. இந்தப் பின்பக்கம் மட்டும் உங்களுக்கு விடச் சொல்றேன். இதாவது துளிர்த்தா உங்க வேலைக்கு நான் பேசறேன். இல்லேன்னா என் வாயை அடைச்சுடுவாங்க."

அவர் போன பிறகு கணவர் கையிலிருந்த குச்சியைக் கீழே வைத்தார். திருப்பி நட்ட வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார். குச்சி ஒவ்வொன்றிலும் சாய்வு வெட்டு வானத்தைப் பார்த்து நின்றது.

"சாய்வா வெட்டினது கீழன்னுதானே சொன்ன?"

"ஆமா."

"அப்ப நீ சரியாத்தான் நட்டிருக்க."

அவள் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏன் சொல்லல? அவர்கிட்டகூட உன் தப்புன்னு சொன்னியே."

"சொல்லியிருந்தா இப்படி மண்ணுல உக்காந்து என்னைத் திட்டியிருப்பீங்களா?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவளுக்கு அழுகை வந்தது. அழவும் அலுப்பாக இருந்தது.

பிறகு அவர் இடது கையால் அடுத்த குச்சியைப் பிடுங்கினார். சாய்வைப் பார்க்கவில்லை. கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, மொட்டு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்த்தார்.